தொடக்கப்பள்ளி ஹெச்எம், மேல்நிலைப்பள்ளி ஹெச்எம்: பேரு ஒண்ணு, வேலை வேற

ரெண்டு பேரும் ஹெச்எம்தான், ஆனா செய்யுத வேலையே வேற. எங்க திருநெல்வேலில மானூர் பக்கமோ அம்பை பக்கமோ ஒரு ஈராசிரியர் பள்ளியப் பாருங்க, ஹெச்எம்முக்கு தனி ரூமெல்லாம் பெரும்பாலும் கெடையாது, கிளாஸ் மூலையில ஒரு மேஜை, அவ்ளோதான். காலை உணவு சரியா வெந்துருக்கான்னு பாக்கணும், சின்னப் புள்ளைகளுக்கு எழுத, படிக்க, கணக்குப் போடச் சொல்லிக் குடுக்குத எண்ணும் எழுத்தும் திட்டத்த நடத்தணும், நடுவுல எமிஸ்ல, அதான் கல்வித்துறையோட ஆன்லைன் பதிவுல, அட்டெண்டன்ஸ் ஏத்தணும், அதுக்குள்ள பீடி சுத்துத ஒரு அம்மா வாசல்ல வந்து "சார், இவன் வீட்ல ஒண்ணுமே திங்க மாட்டேங்கான்"னு நிப்பாவ, அதையும் கேக்கணும். கூட உள்ள டீச்சர் லீவு போட்டா மொத்த ஸ்கூலும் இவரு தலையிலதான்.

மேல்நிலைப்பள்ளில ஹெச்எம் சாக்பீஸ் தொடுததே கொறச்சல். 6-லேருந்து 12 வரைக்கும் பாடத்துக்கு ஒரு ஆளு, தமிழ் படிச்ச ஹெச்எம் ஃபிசிக்ஸ் வாத்தியார்ட்ட போயி இப்படி நடத்துங்கன்னு சொல்ல முடியுமா? ஆள வச்சு வேலை வாங்கணும். டைம்டேபிள், பிராக்டிகல், பப்ளிக் ரிசல்ட்டு, இதெல்லாம் எந்த ஊர்லயும் உள்ளதுதான்.

நம்ம பக்கம் பெரிய தலைவலி எந்தச் சாதின்னு காட்ட பயலுவ கையில கட்டுத கலர் கயிறு. 2023-ல நாங்குநேரில ஒரு பட்டியல் சாதி மாணவன கூடப் படிச்ச பயலுவளே வீடு புகுந்து வெட்டுன சம்பவத்துக்குப் பொறவு அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறே கூடாதுன்னு 2024-ல அறிக்கை குடுத்துட்டு. ஆனா காலைல கேட்ல நின்னு, மீசை மொளச்ச பயகிட்ட "ஏலே, அத அவுருலே"ன்னு சண்டை வராம சொல்ல வேண்டியது அந்த ஹெச்எம்தான.

இருந்தும் என்னயக் கேட்டா சின்ன ஸ்கூல்தான் கஷ்டம்பேன், பெரிய ஸ்கூல்ல கிளர்க்கு, உதவி ஹெச்எம்னு கைக்கு ஆளு உண்டு, இங்க பெல் அடிக்கதும் அவருதான்.