ஸ்மாக்ஸ் 0723 படம்: கோப்பு இலவசம், பிரிண்ட் போடும்போதுதான் உஷார்

2022 ஜூலை 11 அன்று அமெரிக்க அதிபர் பைடன் வெள்ளை மாளிகையில் வெளியிட்டாரே, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதல் வண்ணப் படம் (ஸ்மாக்ஸ் 0723 என்ற கேலக்ஸிக் கொத்து, அதாவது கேலக்ஸிகளின் கூட்டம்), அதைத்தான் பிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். கோப்பை ஐரோப்பிய விண்வெளி முகமை ஜேம்ஸ் வெப்புக்கென வைத்திருக்கும் தளத்தில் எடுத்தேன். காசு கிடையாது, எடுத்தவர்கள் பெயரைப் போட்டால் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

போனில் பார்த்தபோது "சரி, நட்சத்திரம்" என்று தள்ளிவிட்டவன்தான் நானும். முழு அளவில், அதாவது 4537-க்கு 4630 பிக்சலில், கணினியில் திறந்து நடுப்பகுதியைப் பெரிதாக்கிய பிறகுதான் அசந்து போனேன். நடுவில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருப்பவை அந்தக் கொத்தின் கேலக்ஸிகள். அவற்றைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் வில்லாக வளைந்து கிடக்கும் கீற்றுகள் இருக்கின்றனவே, அவை கொத்தைச் சேர்ந்தவையே இல்லை, அதற்கும் வெகுதூரம் பின்னால் இருக்கும் கேலக்ஸிகள். கொத்தின் எடை (அதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள்) ஒளி வரும் பாதையையே வளைத்துவிடுவதால் இப்படிப் பெரிதாகி, இழுபட்டுத் தெரிகின்றன. ஒரே கேலக்ஸி இரண்டு மூன்று இடத்தில் தலைகாட்டுவதும் உண்டு. ஸ்பார்க்ளர் என்று பெயர் வைத்திருக்கும் ஒன்று மூன்று தடவை வருகிறது, அதன் ஒளி கிளம்பி சுமார் 900 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் போனது. குறை என்றால் இதுதான்: எது கொத்து, எது வளைந்து தெரிவது என்று நான் எடுத்த கோப்பில் ஒரு குறியும் இல்லை. எட்டு முனையோடு பளிச்சென்று தெரிபவை நம் பால்வெளி நட்சத்திரங்கள், அவற்றைக் கண்டுகொள்ளாமல் விடலாம்.

அப்புறம் பிரிண்ட். முதல் கடையில் "டல்லா இருக்கு சார்" என்று என்னைக் கேட்காமலே வெளிச்சத்தை ஏற்றி, புள்ளிகளெல்லாம் தூசி என்று நினைத்து மழுப்பிக் கொடுத்துவிட்டார்கள். கீற்றுகள் வெள்ளையில் கரைந்து போயின. குட்டிக் குட்டியாக மங்கிய சிவப்பில் இருந்த புள்ளிகளைக் காணவே காணோம், அவற்றில் பலதான் படத்திலேயே மிகத் தொலைவில் இருப்பவை! வெப் பன்னிரண்டரை மணி நேரம் வெவ்வேறு அகச்சிவப்பு அலைநீளங்களில் உட்கார்ந்து எடுத்ததை இரண்டு நிமிடத்தில் துடைத்துவிட்டார்கள்.

இரண்டாவது தடவை வேறு கடை. எதையும் தொடக் கூடாது என்று பக்கத்திலேயே நின்றேன். 15 அங்குல அகலம் போட்டால் அங்குலத்துக்கு 300 பிக்சல் சரியாக வரும். 24 அங்குலமும் முடியும், ஆனால் இந்தப் படத்தை யாரும் தள்ளி நின்று பார்ப்பதில்லை, மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் கிட்டே போய்விடுகிறார்கள், அப்போது பிசிறு தெரியும். பேப்பர் மேட்டாக இருக்கட்டும். பளபளப்பில் போட்டால் அந்தக் கறுப்பில் டியூப்லைட்டும் உங்கள் முகமும்தான் தெரியும்.

படத்துக்கு ஐந்துக்கு ஐந்து. அந்த முதல் பிரிண்ட் பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது.