சீட் மிஷினுக்குச் செங்கால் கட்டை பேரிங்: நாள்பட ஓட்டிப் பார்த்ததில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரச் சிறுதோட்டங்களில், உறைந்த ரப்பர் பாலை இரண்டு உருளைகளுக்கிடையே அழுத்தித் தகடாக்கும், கையால் சுற்றும் பழைய ரப்பர் சீட் மிஷினுக்குப் பித்தளை பேரிங் (உருளையின் அச்சைத் தாங்கும் கட்டை) தேடி அலைய வேண்டியதில்லை. உருளை மெதுவாகச் சுற்றும், மேலே எந்நேரமும் தண்ணீர் ஓடும். இந்த வேலைக்கு மரம் அருமையாகப் பொருந்துகிறது.

பழைய வீட்டுத் தூணில் கிடைக்கும் செங்கால் என்ற கெட்டி மரம் நல்லது. ஆணி புதைந்திருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். மெர்பாவ் மரம் வேண்டாம், நனைந்தால் சாயம் இறங்கிச் சீட்டைக் கறையாக்கும்.

ஆயுளைத் தீர்மானிப்பது நார் ஓடும் திசைதான். சீட் நடுவே போகும்போது மேலுருளை மேலேயும் கீழுருளை கீழேயும் தள்ளப்படும். அதனால் கட்டையில் நார் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்போதுதான் ஷாஃப்ட் (உருளையின் அச்சு) நாரின் வெட்டுமுனையில் அழுந்தும். நார் ஷாஃப்டோடு சேர்ந்து ஓடும்படி கடைந்த கட்டை சீக்கிரமே பள்ளமாகிவிடும். செங்குத்து நாருக்கு ஓர் ஆபத்து உண்டு: பக்கச்சுவர் மெலிந்தால் பிளக்கும். துளையின் இருபுறமும் ஷாஃப்டின் பாதி விட்டமாவது தடிப்பு விடுங்கள்.

40 மி.மீ. ஷாஃப்ட் என்றால், கட்டையை லேத்தின் நாலு தாடை சக்கில் (பிடிப்பானில்) பிடித்து, பின்னால் ஒரு பலகைத்துண்டு கொடுத்து 36 வரை துளையிடுங்கள். பலகை இல்லாவிட்டால் வெளிவரும் பக்கம் சிதறும். துளையை அகலப்படுத்தும் போரிங் பாரில் 39க்கு எடுத்து நிறுத்திவிட்டு, பல நாள் தண்ணீரில் ஊறப்போடுங்கள். இதை அவசரப்படுத்தவே கூடாது. மரம் நாரின் குறுக்கே உப்பும். ஊறாமல் மாட்டினால், மிஷினின் இரும்புச் சட்டம் பக்கவாட்டில் இடம் தராததால் துளை உள்பக்கமாக நெருங்கி ஷாஃப்டைக் கவ்விக்கொள்ளும். ஊறி உப்பிய பிறகு, ஈரத்தோடே 40.4க்கு முடியுங்கள். முடித்த கையோடு லேத்தைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். ஈரச்சீவல் இரும்பைக் கறுக்க வைக்கும். கட்டையின் வெளிப்பக்கத்தையும் ஊறிய பிறகே சட்டத்துக்குச் சரியாகச் சீவ வேண்டும்.

ஷாஃப்டில் துருப்பள்ளம் இருந்தால் எந்த மரமும் தாங்காது. மெருகேற்றிவிட்டு மாட்டுங்கள்.

இலை உதிர்ந்து பால் வெட்டு நிற்கும் மாதங்களில்தான் கட்டைகள் கெடுகின்றன: காய்ந்து, சுருங்கி, வெடிக்கும். ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள். உபரிக் கட்டைகள் தொட்டித் தண்ணீரிலேயே கிடக்கட்டும். கிரீஸ் தடவ வேண்டாம். அது மணலைப் பிடித்து மரத்தில் பதிக்கும்; பதிந்த மணல் ஷாஃப்டை அறுக்கும்.