படத்தின் மேல் பெயரா, படத்துக்குள் பெயரா?

நாங்குநேரி பக்கம் ஒரு டீக்கடையில் தொங்கிய தினசரிக் காலண்டரை நண்பர் ஒருவர் போனில் பிடித்து எனக்கு அனுப்பினார். "இது உங்க வாத்துதானே அண்ணாச்சி?" என்று கேட்டிருந்தார். என்னுடையதுதான். கூந்தன்குளம் பறவைச் சரணாலயத்தில் ஒரு தை மாத விடியலில், வரித்தலை வாத்துகள் கூட்டமாகத் தண்ணீரை விட்டு எழும்பிய படம். அந்த ஒரு படத்துக்காக மூன்று நாள் இருட்டோடு போய்க் கரையில் உட்கார்ந்திருந்தேன். கீழ் மூலையில் சின்னதாக என் பெயர் போட்டிருந்தேன். அந்தத் தண்ணீர்ப் பகுதியில் இரண்டு விரல் அகலம் வெட்டியிருந்தார்கள். பெயரும் அதோடு போய்விட்டது. அந்த இடத்தில் யாரோ ஒருவருடைய கடை முகவரி இருந்தது.

அன்றிலிருந்து, படத்தைக் காப்பாற்ற மற்றவர்கள் சொல்லும் வழிகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டேன். திரையில் தெரியும் எதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடலாம் என்பதால், எடுக்கவே முடியாதபடி பூட்டும் வழி ஒன்றும் கிடையாது. ஆகவே நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: படம் களவுபோன மறுநாள் காலையில் இந்த வழி என் கையில் எதைக் கொடுக்கும்?

பெரிய வாட்டர்மார்க்கா, சின்னக் கையெழுத்தா

கோபத்தில் முதலில் செய்தது, படத்தின் குறுக்கே பெயரைப் பெரிதாகப் போட்டது. மூன்று மாதம் அப்படித்தான் பகிர்ந்தேன். பறவையின் கண்ணைப் பார்க்க வந்தவர்கள் என் பெயரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். படம் எடுத்ததன் சந்தோஷமே அதில் செத்துப்போகிறது.

சரி, பாதுகாப்பாவது கிடைக்கிறதா என்றால் அதுவும் சந்தேகம். ஒரே வாட்டர்மார்க்கை ஏராளமான படங்களில் போட்டால், அந்தப் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டே கணினி அதன் வடிவத்தைத் தனியாகப் பிரித்து, எல்லாப் படங்களிலிருந்தும் துடைத்துவிடும் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2017-இல் செய்து காட்டினார்கள். படத்துக்குப் படம் இடத்தை மாற்றி வைத்தாலும் கணினி கண்டுபிடித்துவிட்டது. எழுத்தின் வடிவத்தையே ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் வளைத்துப் போட்டபோதுதான் அது தடுமாறியது. இப்போது அவ்வளவு கணக்கும் தேவையில்லை. விரலால் தேய்த்தால் வேண்டாததை அழித்துத் தரும் வசதி போனிலேயே இருக்கிறது.

ஆனாலும் சின்னக் கையெழுத்தை நான் விடவில்லை. காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் 65பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். படத்தோடு இருக்கும் உரிமைத் தகவலைத் தெரிந்தே, அனுமதி இல்லாமல் நீக்குவதை அது தனிக் குற்றமாகவே வைக்கிறது. 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. கையெழுத்தே இல்லாத படத்தை எடுத்தவர், "நெட்ல கிடந்துச்சு, யாரோடதுன்னு தெரியாது" என்று சொல்லலாம். கையெழுத்தை வெட்டி எடுத்தவரால் அப்படிச் சொல்ல முடியாது. மறுநாள் காலையில் அந்த வெட்டே எனக்குச் சாட்சி.

இப்போது மூலையில் போடுவதில்லை. பறவையின் காலை ஒட்டியோ, இறகின் நிழல் விழும் இடத்திலோ சின்னதாக வைக்கிறேன். அதை வெட்டவேண்டுமென்றால் பறவையையும் சேர்த்துத்தான் வெட்டவேண்டும்.

அளவைக் குறைப்பது

நான் செய்த இன்னொரு பிழை, கையெழுத்தை மூலையில் வைத்ததைவிடப் பெரியது. வாத்துப் படத்தை ஒரு புகைப்படத் தளத்தில் முழு அளவிலேயே ஏற்றி, யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 × 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் 20 அங்குல அகலத்துக்குக் கண்ணாடி மாதிரி வரும். காலண்டர் அட்டைக்கு அது தாராளம். அதே படத்தை 2048 புள்ளி அகலத்துக்குக் குறைத்திருந்தால் நல்ல அச்சு 7 அங்குலத்தைத் தாண்டாது. 1080 என்றால் மூன்றரை அங்குலம்தான். போனில் பார்ப்பவருக்கு 1080-க்கும் 6000-க்கும் வித்தியாசமே தெரியாது. பார்ப்பவருக்கு எந்த நஷ்டமும் இல்லாத பாதுகாப்பு இது.

ஃபிளெக்ஸ் பேனரை இது தடுக்காது. 1080 புள்ளிப் படத்தைப் பத்தடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 9 புள்ளிதான் வரும். பைக்கில் போகிறவர் அதையா நின்று எண்ணப்போகிறார்? யூட்யூப் முகப்புப் படத்துக்கு 1080-ஏ போதும். சின்னப் படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன. ஆனால் அவை இல்லாத இறகைத் தாமாக வரைந்து சேர்க்கின்றன. பறவை பார்த்துப் பழகியவர் கண்ணுக்கு அது உடனே தெரியும். எப்படியானாலும் மறுநாள் காலையில் திருடியவரிடம் இருப்பது குறைத்த பிரதி. முழுப் படம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. இந்த ஒரு நிலைமைக்காகவே அளவைக் குறைப்பதை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

வலது சொடுக்கைத் தடுக்கும் நிரல்களைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஸ்கிரீன்ஷாட்டுக்கு முன் அவை நிற்காது. நல்ல எண்ணத்தோடு இணைப்பைப் பிரதி எடுக்க வருகிறவருக்குத்தான் தொல்லை.

படத்துக்குள் பெயர்

ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு விவரப் பட்டியல் உண்டு. எடுத்தவர் பெயர், உரிமை அறிவிப்பு, தொடர்பு முகவரி எல்லாவற்றையும் அதில் எழுதி வைக்கலாம். கேனான், நிக்கான் கேமராக்கள் பலவற்றின் மெனுவிலேயே பெயரைப் பதிந்து வைக்கும் இடம் இருக்கிறது. ஒருமுறை எழுதினால் அதற்குப் பிறகு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் தானாக ஏறிக்கொள்ளும். செலவு கிடையாது, படமும் கெடாது. அதில் உரிமப் பக்கத்தின் இணைப்பையும் எழுதி வைத்தால், கூகுள் படத் தேடல் 2020 முதல் அதைப் படித்து, உரிமம் வாங்கலாம் என்ற அடையாளத்தைப் படத்தின் மேல் காட்டுகிறது. காசு கொடுத்து வாங்க நினைக்கும் நேர்மையானவர் என்னைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

பலவீனம் என்னவென்றால், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினாலே அது உதிர்ந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால்தான் தங்கும். ஸ்கிரீன்ஷாட்டில் கொஞ்சமும் மிஞ்சாது. நம் ஊரில் படங்கள் பயணம் போவதே வாட்ஸ்அப்பில்தான் என்பதால், இதை மட்டும் நம்பியிருந்தால் நான் வெறுங்கையோடுதான் நிற்பேன்.

இதே பட்டியலில் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் ஏறக்கூடும். போனில் எடுத்த படங்களில் இது அதிகம். கூடு கட்டியிருக்கும் பறவையின் இடத்தையும், வீட்டு முற்றத்தில் விளையாடும் பிள்ளையின் இடத்தையும் யாருக்கோ வழிகாட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பெயரை வையுங்கள், இடத்தை எடுத்துவிடுங்கள். படம் திருடுபோவதைவிட இது எனக்குப் பெரிய கவலை.

பதிவுச் சான்றிதழா, ரா ஃபைலா

"காப்பிரைட் பதிவு பண்ணலையா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை படத்தை எடுத்த கணத்திலேயே பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. பதிந்தால், 48-ஆம் பிரிவின்படி அந்தப் பதிவேடே நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாகும். கலைப்படைப்புக்குக் கட்டணம் ஒன்றுக்கு 500 ரூபாய். விண்ணப்பித்த பின் ஆட்சேபணைக்கு 30 நாள் காத்திருக்கவேண்டும். வருஷத்துக்கு ஆயிரம் படம் பகிர்கிறவர் எல்லாவற்றுக்கும் இதைச் செய்வது நடக்கிற காரியமில்லை. விற்பனைக்குப் போகும் ஒன்றிரண்டு படத்துக்குச் செய்யலாம்.

மற்றவற்றுக்கு ரா ஃபைலே, அதாவது கேமரா பதிந்த மாற்றம் செய்யாத மூலக் கோப்பே போதும் என்பது என் அனுபவம். காலண்டர் அச்சகத்துக்கு நேரில் போனேன். அங்கிருந்தவர் முதலில், "எங்க டிசைனர்தான் எடுத்தாரு" என்றார். நான் வாதாடவில்லை. அந்தப் படத்தின் ரா ஃபைலைத் திறந்தேன். அதற்கு முந்தைய ஏழு படங்களையும் பிந்தைய ஐந்து படங்களையும் வரிசையாக ஓட்டிக் காட்டினேன். வாத்துகள் தண்ணீரில் இருந்து எழுந்து, வரிசை கூடி, பனைகளுக்கு மேலே போய் மறைந்தன. வெட்டப்பட்ட தண்ணீரும் அதில் முழுசாக இருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க சார்" என்றார். அடுத்த அரைமணி நேரம் பேசியது தொகையைப் பற்றித்தான். ஒரு படத்தைத் திருடலாம். அதன் முன்னும் பின்னும் உள்ளதைத் திருட வழியில்லை. நல்ல படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழிக்கும் பழக்கம் இருந்தால், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

தேடிப் பிடிப்பது

நண்பர் டீ குடிக்கப் போகாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அச்சில் வருவதைக் கண்டுபிடிக்க அதிர்ஷ்டம் வேண்டும். இணையத்தில் என்றால் தேடலாம். 2008-இல் வந்த டின்ஐ, படத்தைக் கொடுத்து அதே படம் இருக்கும் இடங்களைத் தேடும் கருவி. வெட்டிய பிரதியையும் நிறம் மாற்றிய பிரதியையும் நன்றாகப் பிடிக்கிறது. கூகுள் லென்ஸ் தேடும் பரப்பு பெரியது, ஆனால் "இதே மாதிரி" படங்களையும் அள்ளிக்கொட்டும். என் படம் ஒன்றுக்கு உலகத்தில் உள்ள வாத்தையெல்லாம் கொண்டுவந்து நிறுத்தியது. நான் டின்ஐயில் தொடங்கி, கிடைக்காவிட்டால் மட்டும் லென்ஸுக்குப் போகிறேன்.

கண்டுபிடித்த பின் முதலில் அந்தப் பக்கத்தையும் தேதியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவேண்டும். அதன்பிறகுதான் புகார். அமெரிக்கத் தளங்களுக்கு 1998-ஆம் ஆண்டின் டிஎம்சிஏ என்ற அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நீக்கக் கோரிக்கை அனுப்பலாம். பெரிய தளங்கள் எல்லாமே அதற்கென்று படிவம் வைத்திருக்கின்றன, வக்கீல் தேவையில்லை. இந்தியாவில் 2013-ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகள், எழுத்துப்பூர்வமான புகார் வந்து அது சரியென்று பட்டால் 36 மணி நேரத்துக்குள் தளம் முடக்கவேண்டும் என்கின்றன. முடக்கம் 21 நாளுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். வழக்கு என்று போனால், நாம் குடியிருக்கும் ஊருக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே போட 62-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

"சோஷியல் மீடியாவுல போட்டுட்டா அது பொதுச்சொத்து" என்று சொல்பவர்களிடம் டேனியல் மொரெல் கதையைச் சொல்கிறேன். 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது அங்கிருந்த புகைப்படக்காரர். ட்விட்டர் வழியாகப் படங்களைப் பகிர்ந்தார். வேறொருவர் அவற்றைத் தன் படம்போல் போட, ஏஎஃப்பி செய்தி நிறுவனம் எடுத்து விநியோகித்தது. கெட்டி என்ற படவிற்பனை நிறுவனம் வழியாகவும் அவை விற்கப்பட்டன. ட்விட்டரில் போட்டதே அனுமதிதான் என்ற வாதத்தை நியூயார்க் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013 நவம்பரில் அவருக்கு 12 லட்சம் டாலர் வழங்கவேண்டும் என்று நடுவர் குழு சொன்னது. எட்டுப் படங்களுக்கு.

கொடுத்தே விடுவது

இன்னொரு வழியையும் இவற்றோடு சேர்த்து நிறுத்தவேண்டும். பள்ளிக்கூடப் பாடத்துக்கும் விக்கிப்பீடியாவுக்கும் பயன்படட்டும் என்று நினைக்கும் படங்களை, பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடலாம். ஒரே ஒரு நிபந்தனைதான்: என் பெயரை எடுத்துவிடாதே. இரண்டு விஷயம் யோசித்துக்கொள்ளவேண்டும். வணிகப் பயன்பாடு கூடாது என்று நிபந்தனை போட்டால், விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸ் ஏற்காது. ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. என் படங்களில் பத்தில் ஒன்றை இப்படிக் கொடுக்கிறேன். கிராமத்துக் குழந்தைகளின் முகம் தெரியும் படங்களை மட்டும் எந்த உரிமத்திலும் கொடுப்பதில்லை. அந்த முகங்கள் என்னுடையவை இல்லை.

செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் படங்கள் வாரி எடுக்கப்படுவதை எதிர்க்க, சிகாகோ பல்கலைக்கழகத்தில் கிளேஸ், நைட்ஷேட் என்று இரண்டு கருவிகளை உருவாக்கியிருக்கிறார்கள். படத்தின் புள்ளிகளில் கண்ணுக்கு எளிதில் தெரியாத மாற்றம் செய்து இயந்திரத்தைக் குழப்பும் முறை. கிளேஸ் ஓவியர்களின் பாணியைக் காக்கவே செய்தது. பறவைப் படத்துக்கு நான் பயன்படுத்துவதில்லை.

கல்யாண வீட்டுப் படம் யாருடையது

பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர், தான் எடுத்த மணப்பெண் படத்தை ஒரு பியூட்டி பார்லர் தன் போர்டில் போட்டுவிட்டதாக என்னிடம் கொதித்தார். சட்டத்தை எடுத்துப் பார்த்தோம். 17-ஆம் பிரிவு எங்கள் இருவரையும் உட்காரவைத்துவிட்டது. ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். பார்லர் மேல் புகார் கொடுக்கவேண்டியவர் பெண் வீட்டார். அதுமட்டுமா? ஸ்டூடியோ விளம்பரத்துக்காக நண்பர் தன் இன்ஸ்டாகிராமில் வரிசையாகப் போட்டிருந்த கல்யாணப் படங்களுக்கும் அவர் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

அன்று இரவே அவர் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார். பெரும்பாலானவர்கள் "அதுக்கென்ன தம்பி, போடுங்க" என்றார்கள். நான்கு வீட்டில் வேண்டாம் என்றார்கள், அந்தப் படங்களை அப்போதே எடுத்துவிட்டார். புது பில் புத்தகத்தின் அடியில், படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதமா என்று கேட்டு இரண்டு கட்டங்கள் அச்சடித்திருக்கிறார். அட்வான்ஸ் வாங்கும்போது பெண்ணிடமே பேனாவைக் கொடுக்கிறார்.