ஆறாம் மாத இடுப்பு வலியும் ஊரில் பார்த்த இரண்டு அக்குபஞ்சர் நிலையங்களும்

கர்ப்பத்தின் 24ஆம் வாரத்தில், நீண்ட விமானப் பயணம் முடிந்து ஊரில் வீட்டு வாசலில் காரிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்து வைத்ததுமே, இடுப்பின் பின்புறம் வலப்பக்கத்தில் சுரீரென்று பிடித்துக்கொண்டது. மறுநாள் பார்த்த மகப்பேறு மருத்துவர், காய்ச்சலோ இரத்தக்கசிவோ நீர்க்கடுப்போ விட்டுவிட்டு வரும் வலியோ இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பின்னரே, உடற்பயிற்சியோடு அக்குபஞ்சரும் செய்துகொள்ளலாம் என்றார்.

முதலில் போன நிலையத்தில் எத்தனை வாரம் என்றுகூடக் கேட்கவில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இரும்புச்சத்து மாத்திரையையும் ஸ்கேனையும் நிறுத்தினால் வலி தானாகப் போய்விடும் என்றார்கள். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன்; புன்னகைதான் பதிலாக வந்தது. எழுந்து வந்துவிட்டேன், எழுந்திருக்கத்தான் சற்று நேரம் பிடித்தது.

இரண்டாவது இடத்தில் இருந்த அம்மையார், ஊசியை எடுப்பதற்கு முன் கால் மணி நேரம் கேள்விகளே கேட்டார். மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய இரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரும் என்பதால், முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்து இடப்பக்கமாகப் படுக்கச் சொன்னார். ஒருமுறை மட்டுமே பயன்படும் ஊசிகளின் உறையை என் கண்முன்னே பிரித்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலும், உள் கணுக்காலுக்குச் சற்று மேலும் உள்ள புள்ளிகளைக் கர்ப்பிணிகளுக்குத் தொடாமல் விடுவது இந்த மருத்துவ மரபு என்று அவரே சொன்னார். தலைமுடி போன்ற ஊசி இறங்கியபோது வலிக்கவில்லை. சற்றுப் பொறுத்து உள்ளே கனமாக ஒரு மதமதப்பு பரவியது.

ஆறு முறை போனதில், இரவில் புரண்டு படுக்க முடிந்தது; மாடிப்படி ஏறுவது மட்டும் கடைசிவரை சிரமமாகவே இருந்தது. இதை ஊசியின் மகிமை என்று முழுதாக எழுதவும் எனக்குத் தயக்கமுண்டு. சுவீடனில் 386 கர்ப்பிணிகளிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு அக்குபஞ்சரோ இடுப்பை நிலைப்படுத்தும் பயிற்சியோ சேர்ந்தபோது வலி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் 2008இல் அங்கேயே 115 பேரிடம் நடந்த ஆய்வில், ஊசி துளைத்தவர்களுக்கும் துளைப்பதுபோலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் வலி குறைந்ததில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அரைமணி நேரம் சரியாகப் படுத்து, ஒருவர் பொறுமையாகக் கவனித்ததிலும் பாதி வலி போயிருக்கலாம்.

ஊரிலிருந்து நான் திரும்பக் கிளம்பும் நாளில், எந்தெந்தப் புள்ளியில் எந்தத் தேதியில் ஊசி போட்டார் என்று அந்த அம்மையார் ஒரு தாளில் எழுதி, நான் போகும் இடத்தில் பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் காட்டச் சொல்லித் தந்தார். அந்தத் தாள் இப்போது என் ஸ்கேன் அறிக்கைகளோடு ஒரே கோப்பில் இருக்கிறது.