ஐம்பது டாலர் தயிர்: லாஸ் வேகஸ் போகிறவர்கள் கவனத்துக்கு

அலுவலக நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். "ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. லாங் வீக்கெண்டுக்கு வேகஸ் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். எங்க தங்குறது, எங்க சாப்பிடுறது?" இரண்டு வரியில் பதில் அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பழைய எரிச்சலெல்லாம் கிளம்பி இவ்வளவு நீண்டுவிட்டது.

நாங்கள் போனது 2024 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறைக்கு. கலிஃபோர்னியாவின் இர்வைனிலிருந்து காரில் நான், மனைவி, ஆறு வயது மகள், கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா. வழியில் பேக்கர் என்ற சின்ன ஊரில் 134 அடி உயரத்துக்கு ஒரு தெர்மாமீட்டர் கோபுரம் நிற்கும். 1913இல் பக்கத்து டெத் வேலியில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டை நினைவில் வைத்துக் கட்டியது. அதைப் பார்த்தவுடனே அப்பா, "இந்த வெயில்ல யாருப்பா சுற்றுலா வருவா?" என்றார். நாம்தான் வந்திருக்கிறோம் என்று சொல்லவில்லை. ஞாயிறன்று நாங்கள் கிளம்பிய ஜூலை 7ஆம் தேதி, லாஸ் வேகஸ் வரலாற்றிலேயே உச்சமாக 120 டிகிரி, அதாவது 48.9 செல்சியஸ், அடித்தது.

முதலில் அறை வாடகை. ஸ்ட்ரிப் என்று சொல்லப்படும் அந்த மின்விளக்குச் சாலையில் பேர்பெற்ற ஒரு கேசினோ ஹோட்டல். பெயர் வேண்டாம், அதே வித்தையைப் பலரும் செய்கிறார்கள். தேடும்போது கண்ணில் பட்டது இரவுக்கு 119 டாலர். மூன்று இரவு, 357. பரவாயில்லையே என்று கார்டு எண்ணைத் தட்டப் போகும்போது கீழே சின்ன எழுத்தில் ரிசார்ட் ஃபீ, இரவுக்கு 45. வாடகை, ரிசார்ட் ஃபீ இரண்டுக்கும் சேர்த்து 13.38 சதவீதம் அறை வரி. ஆக மொத்தம் 558. கார் நிறுத்த நாளுக்கு 20 என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ரிசார்ட் ஃபீ எதற்கு என்றால் வைஃபை, ஜிம், அப்புறம் உள்ளூர் தொலைபேசி அழைப்புகள் இலவசம். வேகஸில் எனக்கு யாரைத் தெரியும், போன் போட்டுப் பேச?

2025 மே 12 முதல் இதற்கு ஒரு கடிவாளம் வந்திருக்கிறது. கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த தொகையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும் என்று நுகர்வோர் நலனைப் பார்க்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் விதி போட்டுவிட்டது. காட்டத்தான் வேண்டுமே தவிர வசூலிக்கக் கூடாது என்று விதி சொல்லவில்லை. அரசு வரியையும் பார்க்கிங்கையும் இப்போதும் தனியாகத்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

செக் இன் செய்யும்போது முன்பணமாக 150 டாலரைக் கார்டில் முடக்கி வைத்தார்கள். நான் டெபிட் கார்டைக் கொடுத்துத் தொலைத்தேன். பணம் திரும்பிக் கணக்குக்கு வர ஒன்பது நாள் ஆயிற்று. கிரெடிட் கார்டு கொடுங்கள்.

இப்போது தயிர் கதை.

அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். வெளியூர் என்றால் கையிருப்பில் உள்ள திறக்காத இன்சுலின் ஊசிப் பேனாக்கள் (குளிரில் வைக்க வேண்டியவை) அத்தனையையும் எடுத்துக்கொள்வார், எதற்கும் இருக்கட்டும் என்று. கூடவே ஒரு டப்பா உறை ஊற்றிய தயிர், வெள்ளிக்கிழமைக்கு எலுமிச்சை சாதம். அறைக்குள் நுழைந்ததும் ஃப்ரிட்ஜைத் தேடினார். டிவிக்குக் கீழே மர அலமாரிக்குள் ஒன்று இருந்தது. திறந்தால் உள்ளே ஒரு இஞ்ச் இடமில்லை, பாட்டில் பாட்டிலாக அடுக்கி வைத்திருக்கிறது. நாங்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு ஆரஞ்சு ஜூஸ், இரண்டு பீர், ஒரு குட்டி ஒயின் பாட்டிலை வெளியே எடுத்து மேஜையில் துண்டு விரித்து வரிசையாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் இன்சுலினையும் தயிரையும் வைத்துவிட்டார். ஒன்றும் உடையவில்லை, ஒன்றும் குடிக்கப்படவில்லை. கிளம்பும் நாள் காலையில் எல்லாவற்றையும் இருந்த இடத்தில், லேபிள் முன்பக்கம் தெரியும்படி, திரும்ப அடுக்கினார். அம்மாவின் சமையலறை அலமாரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இதில் பொய்யே கிடையாது.

செக் அவுட் செய்து வந்த இமெயில் பில்லில் எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை கார்டில் 121 டாலர் தனியாக ஏறியிருந்தது.

விசாரித்தபோதுதான் விவரம் புரிந்தது. அந்த ஃப்ரிட்ஜில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் அடியில் சென்ஸார். தூக்கிச் சில நொடிகள் ஆனால் நீங்கள் வாங்கிவிட்டதாகக் கணக்கில் ஏறிவிடும். திரும்ப வைத்தாலும் இறங்காது. அந்த வகையில் 71 டாலர். மீதி 50 'சொந்தப் பொருளை வைத்ததற்கான கட்டணம்'. அதாவது தயிர் வாடகை. இதெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவின் உள் ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் எழுதியிருந்ததாம். எழுபது வயது அம்மா அந்த ஆங்கிலத்தைக் குனிந்து படிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்களா, படிக்கக் கூடாது என்று எதிர்பார்த்தார்களா?

போனில் நாற்பது நிமிடம். முதலில் பேசியவர், "எங்கள் சிஸ்டம் தவறு செய்யாது" என்றார். இன்சுலின் என்று சொன்னதும் குரல் கொஞ்சம் மாறியது, மேலாளருக்கு மாற்றினார். மேலாளர் ஆதாரம் கேட்டார். காப்பாற்றியது அப்பாவின் வாட்ஸ்அப். கிளம்பும் காலையில், அம்மா அடுக்கிக்கொண்டிருக்கும்போதே அப்பா ஃப்ரிட்ஜைப் படம் எடுத்து, 'அமெரிக்க ஃப்ரிட்ஜில் நம்ம வீட்டுத் தயிர்' என்று குடும்பக் குழுவில் போட்டிருந்தார். ஒயின் பாட்டிலும் தயிர் டப்பாவும் தோளோடு தோள் நிற்கும் அந்தப் படத்தில் ஆறு பாட்டிலும் மூடி திறக்காமல் இருந்தன. அனுப்பினேன். பத்து நாளில் 71 டாலர் திரும்பி வந்தது. அந்த 50 வரவேயில்லை. அதற்கு மேல் அலைய எனக்குத் தெம்பு இல்லை.

மருந்துக்கு ஃப்ரிட்ஜ் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். நிறைய ஹோட்டல்களில் சின்ன ஃப்ரிட்ஜ் தனியாகக் கொண்டுவந்து வைப்பார்கள், மருந்துக்கு என்றால் பல இடங்களில் காசு வாங்க மாட்டார்கள். மினிபார் (அந்தப் பாட்டில் ஃப்ரிட்ஜ்தான்) வேண்டாம், பூட்டிவிடுங்கள் என்றும் ரிசப்ஷனில் சொல்லலாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஃப்ரிட்ஜுக்கு மேலே தட்டில் வைத்திருக்கும் முந்திரி, சாக்லேட்டுக்கும் அதே சென்ஸார் இருக்கக்கூடும். குழந்தை இருந்தால் அந்தத் தட்டுப் பக்கம் விடாதீர்கள்.

இன்னொரு அநியாயம், அறையில் காபி போட ஒரு கெட்டில்கூட இல்லை. அமெரிக்காவில் நெடுஞ்சாலையோர மோட்டலில்கூட காபி மெஷின் இருக்கும், இந்தப் பளபளப்பில் கிடையாது. ஏன் என்றால் நீங்கள் கீழே இறங்க வேண்டும். லிஃப்டிலிருந்து காபிக் கடைக்குப் போகும் வழி கேசினோவுக்குள்ளேதான். காலை ஆறு மணிக்கு அப்பா வேட்டியோடு சூதாட்ட மெஷின்களுக்கு நடுவே நடந்து, இருபது நிமிடம் வரிசையில் நின்று, ஏழு டாலருக்கு ஒரு காபி வாங்கி வந்து, ஒரு வாய் குடித்துவிட்டு, "கல்யாண மண்டபத்துல கெடைக்கிற கழனித்தண்ணி இதைவிட மேல்" என்றார். அடுத்த நாளிலிருந்து காபி குடிக்கவே இல்லை. ஃபில்டர் காபிக்காரர்கள் ஒரு சின்ன மின்சாரக் கெட்டிலைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஸ்ட்ரிப்பிலேயே ஒரு மாலுக்குள் இருந்த ஆசிய உணவகம். சைவம், மீன் சாஸ்கூட வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னோம். வந்த நூடுல்ஸை அப்பா மோந்து பார்த்துவிட்டு இலையைத் தள்ளுவதுபோல் தட்டைத் தள்ளினார். கருவாட்டு வாசனை. பரிமாறியவரைக் கூப்பிட்டால், "அதில் இறைச்சி இல்லையே" என்கிறார். அவர் கணக்கில் மீன் சாஸ் உப்பு மாதிரி. மாற்றிக் கொடுத்தார்கள், சரி. பில்தான் பெரிய கருவாடு. சாப்பாடு 96 டாலர். அதன் கீழே 8.375 சதவீத விற்பனை வரி, அது நியாயம். அதற்கும் கீழே 'சி.என்.எஃப்.' என்று ஒரு நாலரைச் சொச்சம் டாலர். வரி மாதிரியே இருக்கும், ஆனால் அரசுக்குப் போகாது. கடைக்காரர்களே போட்டுக்கொள்ளும் கட்டணம், சில மால்களில் வழக்கம். ஐந்து பேர் என்பதால் 18 சதவீதம் சேவைக் கட்டணமும் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. இதெதையும் பார்க்காமல், நீட்டிய மெஷினில் 20 சதவீத டிப்ஸை அழுத்திவிட்டேன். இரட்டை டிப்ஸ். 96 போய் 151 ஆயிற்று. பில்லைக் கையில் வாங்கி 'சர்வீஸ் சார்ஜ்', 'கிராஜுட்டி' (அதுவும் டிப்ஸ்தான்) என்ற சொற்கள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெஷினைத் தொடுங்கள். சி.என்.எஃப்.பை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம், எடுத்த இடங்கள் உண்டு என்று பிறகு சிலர் சொன்னார்கள்.

அடுத்தது, நானாகப் போய் விழுந்த குழி. சனிக்கிழமை காலை நடைபாதையில் ஒரு பையன், நல்ல சிரிப்பு, "ஷோ டிக்கெட் இலவசம், 100 டாலர் டின்னர் வவுச்சர், தொண்ணூறு நிமிடம் ஒரு ரிசார்ட்டைப் பார்த்தால் போதும்" என்றான். திரும்பத் தருவதாகச் சொல்லி 40 டாலர் வாங்கினான். கணவன் மனைவி இருவரும் வர வேண்டும், ஓட்டுநர் உரிமமும் கிரெடிட் கார்டும் வேண்டும் என்றான். அப்போதே உறைத்திருக்க வேண்டும். அப்பா அம்மாவிடம் மகளை விட்டுவிட்டு வேனில் ஏறினோம். டைம்ஷேர் விற்கிறார்கள், அதாவது வருடத்தில் சில நாள் ஒரு ரிசார்ட்டில் தங்கும் உரிமை. தொண்ணூறு நிமிடம் நான்கு மணி நேரமாயிற்று. ஒருவர் பேசி முடித்தால் அவருக்கு மேல் ஒருவர், அவருக்கு மேல் இன்னொருவர். 38,000 டாலரில் ஆரம்பித்த விலை, நாங்கள் எழுந்திருக்க எழுந்திருக்க இறங்கி 11,000க்கு வந்தது. வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, அது ஏறுமா என்று மனைவி கேட்ட கேள்விக்கு மட்டும் கடைசிவரை நேரான பதில் வரவில்லை. திரும்பிப் போக வேன் எங்கே என்று கேட்டால், "இன்னும் ஒருவரைப் பார்த்துவிட்டு" என்கிறார்கள். வெளியே 115 டிகிரி வாக்கில். நடந்து போக முடியாது, அது அவர்களுக்கும் தெரியும். கடைசியில் நாங்களே ஊபர் பிடித்தோம். கிடைத்த டிக்கெட் திங்கட்கிழமை காட்சிக்கு, நாங்கள் ஞாயிறு கிளம்புகிறோம். வவுச்சர் ஒரே ஒரு கடையில், அதுவும் 200 டாலருக்குமேல் சாப்பிட்டால்.

நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. போட்டுவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால்: நெவாடா சட்டப்படி ஐந்து நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். விடுமுறை நாட்களும் அந்த ஐந்தில் சேரும். ஊருக்குப் போய் யோசிப்போம் என்று விடாதீர்கள்.

நண்பர் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். வயதானவர்களோடு போனால் ஸ்ட்ரிப்பில் தங்காதீர்கள். அங்கே கட்டடங்கள் பெரிது, அதனால் "அதோ, பக்கத்திலதான்" என்று தெரிவதெல்லாம் வெயிலில் அரை மணி நடை. கன்வென்ஷன் சென்டர் பக்கம் கேசினோ இல்லாத, அறையிலேயே குட்டிச் சமையலறை வைத்த ஹோட்டல்கள் இருக்கின்றன. நிஜமான ஃப்ரிட்ஜ், அடுப்பு. பலவற்றில் காலை உணவு இலவசம், ரிசார்ட் ஃபீ கிடையாது. பதிவு செய்யுமுன் இரண்டையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சாயங்காலம் காரிலோ, ஸ்ட்ரிப் நெடுக இரவு பகலாக ஓடும் டியூஸ் பஸ்ஸிலோ போய் பெலாஜியோ ஹோட்டல் முன்னாலிருக்கும் நீரூற்றைப் பார்த்துவிட்டு வரலாம், அதற்குக் காசு இல்லை. என் அம்மாவுக்கு அந்த ஊரில் பிடித்தது அது ஒன்றுதான். மூன்று முறை பார்த்தார்.

சாப்பாட்டுக்கு ஸ்ட்ரிப்பிலிருந்து மேற்கே ஸ்பிரிங் மவுண்டன் ரோடு. 1995இல் ஒரு சீன வணிக வளாகத்தோடு ஆரம்பித்த சைனாடவுன், இப்போது சாலை நெடுக வியட்நாம், கொரியா, ஜப்பான் கடைகள். விலை நியாயம், வாசலிலேயே பார்க்கிங், காசு கேட்பதில்லை. இந்திய உணவகங்களும் ஸ்ட்ரிப்பை விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இருக்கின்றன. நாங்கள் கடைசி நாள்தான் ஒன்றைக் கண்டுபிடித்தோம். தோசை சுமார், சாம்பார் இனிப்பு. ஆனால் போட்ட பில்லுக்கும் கொடுத்த காசுக்கும் வித்தியாசமில்லை.

அந்த எலுமிச்சை சாதம் வெள்ளிக்கிழமை மதியமே தீர்ந்துவிட்டது. மாலில் 151 டாலர் கொடுத்துவிட்டு அறைக்கு வந்து, பசியோடு, அந்தத் தயிரைத்தான் ஆளுக்கு இரண்டு கரண்டி சாப்பிட்டோம். அதற்குத்தான் ஐம்பது டாலர் வாடகை என்று அப்போது தெரியாது.