எச்சரிக்கை: நான்கு கோடுகளுக்கு நான் கொடுத்த 7,400 ரூபாய்

வீட்டு வைஃபை மாடி வரை ஒழுங்காக எட்டுவதற்கு என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் 7,400 ரூபாயைப் பறிகொடுத்துப் பதினோரு நாள்களே ஆகின்றன. அந்தக் கதையைச் சொல்லாமல் வேறெதையும் எழுதக் கை வரவில்லை.

எங்களுடையது கான்கிரீட் தளம் போட்ட பழைய மாடி வீடு. கீழே கூடத்தில் ஃபைபர் மோடம் இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் அங்கே 90-க்குக் குறையாமல் வேகம் வரும். மாடியில் மகள் படிக்கும் அறையிலோ 4-ஐத் தாண்டாது. கணினி உதிரிபாகங்கள் விற்கும் கடை ஒன்றில் விசாரித்தபோது, உரிமையாளரே நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். வந்தவர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, ஒவ்வோர் அறையாகக் கைப்பேசியுடன் நடந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, "உங்களுக்கு ரிப்பீட்டர் எல்லாம் சரிப்படாது சார், மெஷ்தான் போடணும்" என்றார். ரிப்பீட்டர் என்பது வரும் வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் மலிவான கருவி; மெஷ் என்பது பல கருவிகள் ஒன்றுசேர்ந்து வீடு முழுவதற்கும் ஒரே வைஃபையாக இயங்கும் ஏற்பாடு. மலிவான பொருளை அவரே வேண்டாம் என்று சொன்ன அந்த நொடியில்தான் நான் அவரை முழுவதும் நம்பினேன்.

மறுநாள் இரண்டு கருவிகளை மாடியில் பொருத்தி, கைப்பேசியில் நான்கு கோடுகளும் நிறைந்திருப்பதைக் காட்டினார். வேகத்தையும் சோதித்துவிடலாமே என்றேன். "இப்ப நெட் டல்லா இருக்கு, ராத்திரி பாருங்க" என்றார். 7,400 ரூபாயை அப்போதே யுபிஐயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு ஒன்று கிடைத்தது.

இரவில் சோதித்தால் வேகம் 3. கோடுகள் மட்டும் நான்கு! அந்தக் கோடுகள் கைப்பேசிக்கும் அருகிலுள்ள கருவிக்கும் இடையிலான சமிக்ஞையைத்தான் காட்டுகின்றன. அந்தக் கருவிக்குக் கீழிருந்து என்ன வந்து சேருகிறது என்பதை அவை காட்டுவதில்லை. அட்டைப்பெட்டியில் 'மெஷ்' என்றிருந்த ஒட்டுத்தாளை என் மைத்துனர் உரித்தபோது, அடியில் 'ரிப்பீட்டர்' என்ற சொல் இருந்தது. அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே உள்ள வகை. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால், வரும் வேகத்தில் பாதி அங்கேயே போய்விடும். பாதி வழியில், மாடிப்படி அருகே வைத்திருந்தாலாவது ஓரளவு பயன்பட்டிருக்கும். சமிக்ஞை செத்துப்போகும் அறையிலேயே அதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

முதல் முறை பேசியபோது, இரண்டு நாள் ஓடினால் சரியாகிவிடும் என்றார். அடுத்த முறை இணைய நிறுவனத்தின் மீது பழியைப் போட்டார். மூன்றாம் முறை நேரில் போனேன். அவருடைய ஸ்கூட்டர் வாசலில் நிற்கையிலேயே "அண்ணன் வெளியூர் போயிருக்காரு" என்றான் கடைப்பையன். நான்காம் முறை, எங்கள் வீட்டுச் சுவரே குற்றவாளியானது. சுவரைத் தட்டிப் பார்த்தவர் அவர்தானே? ஒட்டுத்தாளைப் பற்றிக் கேட்டதும், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற வரியைச் சீட்டில் சுட்டிக்காட்டிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். என் 7,400 ரூபாய்க்கு அவ்வளவுதான் மரியாதை.

விரிவான ஆலோசனை இன்னொரு நாள். இப்போதைக்கு இவ்வளவு: எந்த அறையில் குறையோ அந்த அறையிலேயே வேகத்தைச் சோதிக்காமல் பணம் தராதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். முடிந்தால் மோடத்திலிருந்து மாடிக்கு ஒரு கேட்-6 கேபிள் (இணையத்தைக் கொண்டுசெல்லும் கம்பி) இழுத்து, அதன் முனையில் ஓர் ஆக்சஸ் பாயிண்ட் (கம்பியில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் கருவி) வையுங்கள். தளத்தைத் துளைக்கும் வேலையைக் கம்பி பார்த்துக்கொள்ளும்.

குறைபாடுள்ள பொருளை, பில்லில் காலம் குறிப்பிடாதபோது 30 நாள்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. எனக்கு இன்னும் பத்தொன்பது நாள்கள் இருக்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இன்று காலை புகாரைப் பதிவு செய்துவிட்டேன். உரித்த ஒட்டுத்தாளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.