ட்ரைபாடில் அதிர்வுக் குறைப்பு: அணைப்பதா, விட்டுவைப்பதா?

கேமராவைக் கையில் பிடித்து எடுக்கும்போது லென்ஸின் அதிர்வுக் குறைப்பால் கிடைக்கும் பயனை யாரும் மறுப்பதில்லை. அதே லென்ஸை ட்ரைபாடில் ஏற்றியபின்தான் கருத்து இரண்டாகப் பிரிகிறது. சுவிட்சை உடனே அணைத்துவிட வேண்டும் என்பது பழைய பாடம். புதிய லென்ஸ்கள் தாமே உணர்ந்துகொள்ளும், தொட வேண்டியதில்லை என்பது மறுதரப்பு. ட்ரைபாடின் தலை (கேமராவைப் பொருத்தித் திருப்பும் மேல்பகுதி) இறுகப் பூட்டியிருக்கிறதா, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கப்போகிறது என்ற இரண்டையும் பார்த்தே நான் சுவிட்சில் கைவைக்கிறேன்.

அணைக்கச் சொல்வோரின் காரணம் வலுவானது. லென்ஸுக்குள் இருக்கும் கைரோ உணரிகள் மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் நிகழும் அசைவின் வேகத்தை அளக்க, அதற்கேற்பக் கண்ணாடித் தொகுதி ஒன்று மின்காந்த விசையால் எதிர்த்திசையில் நகர்த்தப்படுகிறது. கை நடுக்கம் பெரிதாக இருப்பதால் உணரிக்குத் தெளிவான செய்தி கிடைக்கிறது. பூட்டிய ட்ரைபாடிலோ அசைவு ஏறத்தாழ இல்லை. உணரியின் சொந்த மின்னிரைச்சல்தான் மிஞ்சுகிறது. அதையே அசைவென்று கொண்டு கண்ணாடித் தொகுதி நகர்ந்தால், அசையாத கேமராவில் படம் மட்டும் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்திருந்தால் இது தெரியாது. 30 நொடி திறந்துவைத்து இரவு வானத்தை எடுப்பவரின் படத்தில் விண்மீன்களே காட்டிக்கொடுத்துவிடும்.

விட்டுவைக்கலாம் என்போருக்கும் சான்று உண்டு. கேனான் 1997இல் வெளியிட்ட 300 மி.மீ. எஃப்/4 லென்ஸை ட்ரைபாடில் வைத்தால் அதிர்வுக் குறைப்பை அணைத்தாக வேண்டும். 1999இல் வந்த 500 மி.மீ. எஃப்/4 லென்ஸோ, தான் ட்ரைபாடில் இருப்பதை உணர்ந்து தன் போக்கை மாற்றிக்கொள்ளக்கூடியது. இடைவெளி இரண்டே ஆண்டுகள் என்பதால், லென்ஸின் வயதை மட்டும் வைத்து முடிவுகட்டுவது சரிவராது. கையேட்டைத்தான் புரட்ட வேண்டும். (வாங்கிய அன்றே பெட்டியோடு பரணுக்குப் போய்விடும் பொருள் அது.)

பறவைகளை எடுப்போர் நெடிய லென்ஸை, கனத்தைச் சமன்செய்து எளிதாகத் திருப்ப உதவும் கிம்பல் தலையில் ஏற்றி, தலையைப் பூட்டாமல், பறவையின் போக்குக்கேற்பத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். அங்கே ட்ரைபாட் எடையைத் தாங்குகிறதே தவிர அசைவை நிறுத்துவதில்லை. கை லென்ஸின் மேல் இருக்கும்வரை நடுக்கமும் இருக்கும். ஆகவே அதிர்வுக் குறைப்பு ஓடட்டும். பிறர் நடந்தால் அதிரும் மரப்பலகை மேடைக்கும், ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாடுக்கும் இதே முடிவுதான். பறக்கும் பறவையைப் பக்கவாட்டில் தொடரும்போது மட்டும் லென்ஸில் அதற்கென இரண்டாம் நிலை (மோட் 2) இருந்தால் அதற்கு மாற்றுவது நல்லது.

பூட்டிய தலையில், நொடியின் சிறு பங்கு முதல் ஓரிரு நொடிவரை திறந்திருக்கும் படங்களுக்கு நான் அணைக்கும் கட்சிதான். அந்த வேகத்தில் படத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் எஸ்எல்ஆர் கேமராவின் உள்ளே படமெடுக்கும்போது மேலெழும் பிரதிபலிப்புக் கண்ணாடியின் அடியும், பொத்தானை அழுத்தும் விரலும். இரண்டு நொடி டைமரும், கண்ணாடியை முன்கூட்டியே தூக்கிவைக்கும் வசதியும் அவற்றை முளையிலேயே நீக்கிவிடுகின்றன.

உங்கள் லென்ஸ் எந்த வகை என்று அறிய, தலையைப் பூட்டி, லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் தெரியும் நேரடிக் காட்சியில்) ஒரு கூரிய விளிம்பைப் பத்து மடங்கு பெரிதாக்கி, சுவிட்சைப் போட்டு அரை நிமிடம் பாருங்கள். விளிம்பு நகர்ந்தால் அணைத்துவிடுங்கள். கையில் எடுக்கும்போது மறவாமல் மீண்டும் போடுங்கள்.